வருமான வரி: மூன்று வாசல், ஐந்து சாவி!

நம் ஊரில் கட்டுவதற்கு என்னென்னவோ இருக்கின்றன. வீடு கட்டலாம். தாலி கட்டலாம். சீட்டு கட்டலாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் மூட்டை கட்டலாம். வீடு என்றால் மேஸ்திரி வருவார். தாலி என்றால் ஊரே திரண்டு வந்து அட்சதை போடும். வருமான வரி கட்டும்போது மட்டும் மனிதன் தன்னந்தனி! பக்கத்தில் ஒரு ஈ, காக்காய் இருக்காது.

நான் இருப்பது ஓர் ஆபீஸின் அக்கௌண்ட்ஸ் செக்‌ஷனில். வருஷத்தில் பத்து மாதம் என்னை யாரும் சீந்த மாட்டார்கள். மார்ச்சிலும் ஜூலையிலும் மட்டும் திடீர் மவுசு! காண்டீனில் காபி வாங்கித் தந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காதோரமாகக் கேட்பார்கள்:

''சார், அதான் சம்பளத்துலயே பிடிச்சுட்டாங்களே... அப்புறம் எதுக்கு சார் நான் வேற கட்டணும்?''

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

மதராஸ் கவர்னருக்கு வேலை போன கதை

1857 கலகத்தை அடக்கிய செலவில் வெள்ளைக்காரன் கஜானா காலி. நிதி நிலைமையைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். பெயர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து, தொப்பி வியாபாரம் செய்தவர். 'எகானமிஸ்ட்' பத்திரிகையை 1843-ல் ஆரம்பித்தவரும் அவரே. வந்த கையோடு 1860-ல் பட்ஜெட் போட்டு, இந்தியாவுக்கு வருமான வரியை அறிமுகம் செய்தார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்குக் கீழே சம்பாதித்தால் வரி இல்லை. 200-லிருந்து 500 வரை 2 சதவிகிதம். அதற்கு மேல் 4 சதவிகிதம்.

இதை முதலில் பலமாக எதிர்த்தவர் யார் தெரியுமோ? நம்ம மதராஸ் கவர்னர் சார்லஸ் டிரவெலியன்! எதிர்த்ததோடு நிற்காமல், தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். மேலிடம் சும்மா இருக்குமா? 1860-லேயே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வரியை எதிர்த்து வேலையை இழந்த முதல் ஆசாமி ஒரு கவர்னர்!

வில்சன் கதையும் சோகம்தான். வரி வந்த அதே வருஷம் ஆகஸ்டில், கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு கண்டு இறந்து போனார். அவருடைய கல்லறை எங்கே இருக்கிறது என்பதே பிற்பாடு மறந்துபோயிற்று. 2007-ல் தேடிக் கண்டுபிடித்தவர் யார் என்கிறீர்கள்? ஒரு வருமான வரி அதிகாரி! செத்தாலும் விடமாட்டார்கள் என்று சும்மாவா சொல்கிறோம்!

டிரவெலியன் சில வருஷம் கழித்து நிதிப் பொறுப்பு உறுப்பினராகவே கல்கத்தா திரும்பினார். 1865-ல் அந்த வரி முடிவுக்கு வந்தது. ஆனால், ருசி கண்ட பூனை! வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வந்து, 1886-ல் சட்டமாகவே சம்மணம் போட்டு உட்கார்ந்தது. 1922-ல் ஒரு சட்டம், 1961-ல் ஒரு சட்டம், 2025-ல் இன்னொரு சட்டம் என்று தலைமுறைகள் மாறின.

நடுவில் 1973-74-ல் ஒரு கொடுமை. உச்சபட்ச வரி, சர்சார்ஜையும் சேர்த்து 97.75 சதவிகிதம்! அதாவது இரண்டு லட்சத்துக்கு மேல் சம்பாதித்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97 ரூபாய் 75 காசு சர்க்காருக்கு. இரண்டே கால் ரூபாய் சம்பாதித்தவனுக்கு! யானையை வயலில் அவிழ்த்துவிட்டால் தின்பதைவிட மிதிப்பது அதிகம் என்று பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னாரே, புறநானூற்றில்... அந்த யானை சாட்சாத் இதுதான். (2019 ஜூலையில் பட்ஜெட் வாசித்த நிர்மலா சீதாராமன் அந்த யானையைப் பாராளுமன்றத்துக்கே அழைத்து வந்தார்.) 1997-ல் ப.சிதம்பரம் 10, 20, 30 என்று மூன்று படிகளாகக் குறைத்த பிறகுதான் மாதச் சம்பளக்காரன் கொஞ்சம் மூச்சு விட்டான்.

சரி, இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். வரிப் பணம் கஜானாவுக்குப் போக மூன்று வாசல்கள். அந்த வாசல்களில் இரண்டைத் திறக்க ஐந்து சாவிகள். இவ்வளவுதான் மொத்தக் கதையும்.

முதல் வாசல்: பிடித்தம்

டி.டி.எஸ்.! சம்பளம் நம் கைக்கு வருமுன்பே முதலாளி வெட்டி எடுத்து, அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் சர்க்காரிடம் கட்டிவிட வேண்டும். (மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை டயம் உண்டு.) இந்த வாசலில் நமக்கு வேலையே இல்லை என்று நினைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் கோளாறு!

போன பிப்ரவரியில் ஒரு தம்பி என் மேஜைக்கு வந்தார். வயசு இருபத்தேழு. சுறுசுறுப்பான பையன். அக்டோபரில்தான் எங்கள் ஆபீஸில் சேர்ந்தார். அதற்கு முன் வேறு கம்பெனி.

''சார், எனக்குப் பழைய ஆபீஸ்லயும் வரி பிடிக்கல. இங்கயும் பிடிக்கல. லக்குதானே சார்?''

''ரெண்டு எடத்துலயும் என்ன சம்பளம் தம்பி?''

''அங்க மாசம் ஒரு லட்சம். இங்க ஒண்ணரை.''

ஒரு பேப்பரை எடுத்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள். 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்றார்கள். சம்பளக்காரர்களுக்கு நிலைக் கழிவு 75,000 சேர்ந்து 12 லட்சத்து 75 ஆயிரம். பழைய ஆபீஸ், 'இவருக்கு வருஷ சம்பளம் 12 லட்சம்தான்' என்று வரி பிடிக்கவில்லை. எங்கள் ஆபீஸ், 'இவர் இங்கே ஆறு மாதம்தான். 9 லட்சம்தான்' என்று பிடிக்கவில்லை. இரண்டு பேர் கணக்கும் தனித்தனியாகச் சரி. ஆனால் சம்பாதித்த ஆள் ஒருவர்தானே? மொத்தம் 15 லட்சம்!

நிலைக் கழிவு போக 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவிகிதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவிகிதம், 40,000. மிச்சம் 2,25,000-க்கு 15 சதவிகிதம், 33,750. கூட்டினால் 93,750. அதன் தலையில் 4 சதவிகிதம் செஸ், 3,750. ஆகமொத்தம் 97,500 ரூபாய்!

தம்பியின் முகத்தில் ரத்தமே இல்லை.

''சார்... ஏப்ரல்ல தங்கச்சிக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. இப்ப வந்து 97 ஆயிரம்னா நான் எங்க சார் போவேன்?''

12 லட்சம் வரை வரியில்லை என்ற சலுகை, அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான். நன்றாகத் தாண்டிவிட்டால், 4 லட்சத்துக்கு மேலிருந்தே படிப்படியாக வரி போட்டுக்கொண்டு வருவார்கள். (சொற்பமாகத் தாண்டியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள்.) இது தெரியாமல் நிறைய இளைஞர்கள் ஏமாறுகிறார்கள்.

இவர் ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால்? ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவிகித வட்டி. நாலு மாதத்துக்கு 3,900. முன்வரித் தவணைகளைத் தவறவிட்டதற்கு இன்னொரு வட்டி. அது ஐயாயிரத்தைத் தொடும். ஏறத்தாழ 8,800 ரூபாய் தண்டம்!

தப்பிக்க வழி? இருந்தது. புது ஆபீஸில் சேர்ந்ததும் பழைய ஆபீஸ் சம்பள விவரத்தை எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு. அந்த வருஷத்துக் கணக்குக்கு அதன் நம்பர் 12பி. அன்றைக்கே அதை நிரப்பிச் சம்பளப் பிரிவில் கொடுக்கச் சொன்னேன். பிப்ரவரி, மார்ச் இரண்டு சம்பளத்திலும் தலா 48,750 பிடித்தார்கள். வட்டி பைசா இல்லை. மண்டபத்துக்கு மீதிப் பணம் கொடுக்கச் சீட்டை எடுத்தாராம். கல்யாணம் நல்லபடி நடந்தது. எனக்குத் தாம்பூலப் பையும் வந்தது.

நடு வருஷத்தில் கம்பெனி மாறுகிற தம்பிகளே... புது ஆபீஸில் சேர்ந்த அன்றே பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். கேட்கவில்லையே என்று இருக்காதீர்கள்!

இன்னொரு சந்தேகமும் எல்லோருக்கும் வரும். முதலாளி நம்மிடம் பிடித்துக்கொண்டு, சர்க்காரிடம் கட்டாமல் கம்பி நீட்டினால்? பிடித்தது நிஜம் என்றால், அந்த அளவுக்கு இலாகா நம்மிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஆனால், பிடித்தார்கள் என்பதற்கு சம்பள ஸ்லிப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான் சாட்சி. அவற்றைக் குப்பையில் போடாதீர்கள். இலாகாவின் வெப்சைட்டில் நம் பெயரில் வந்து சேர்ந்த வரியின் பட்டியல் இருக்கும். '26 ஏ.எஸ்.' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய பட்டியல் அது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தால், கம்பி நீட்டும் முதலாளியை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம்.

இரண்டாம் வாசல்: முன்வரி

அட்வான்ஸ் டாக்ஸ். பிடித்தமெல்லாம் போக, வருஷத்துக்கு 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கட்ட வேண்டியிருந்தால், வருஷம் முடிகிற வரை காத்திருக்கக் கூடாது. நாலு தவணை:

ஜூன் 15-க்குள் மொத்தத்தில் 15 சதவிகிதம்.
செப்டம்பர் 15-க்குள் 45.
டிசம்பர் 15-க்குள் 75.
மார்ச் 15-க்குள் முழுசும்.

'இதெல்லாம் பிசினஸ்காரங்களுக்கு, நமக்கெதுக்கு?' என்று ஆபீஸ்காரர்கள் தோளைக் குலுக்குவார்கள். தப்பு! ஷேர் விற்று லாபம் பார்த்தவர், வீட்டு வாடகை வாங்குபவர், சாயங்காலம் டியூஷன் எடுப்பவர், ராத்திரி கண் விழித்து வெளிநாட்டுக் கம்பெனிக்கு புரோகிராம் எழுதித் தருபவர் எல்லோரும் இந்த வாசலுக்கு வர வேண்டியவர்கள்தான். அறுபது வயதைத் தாண்டி, வியாபாரமோ தொழிலோ இல்லாத பெரியவர்களுக்கு மட்டும் விலக்கு.

மூன்றாம் வாசல்: மிச்சம் மீதி

வருஷம் முடிந்து, கணக்குப் பார்த்து, துண்டு விழுகிற தொகையை ரிட்டர்ன் போடுவதற்கு முன் நாமே கட்டுவது. இதற்குப் பெயர் செல்ஃப் அசெஸ்மென்ட்.

''பேங்க்ல வட்டிக்கு வரி பிடிச்சாச்சே!'' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 8 லட்ச ரூபாய் டெபாசிட், 7 சதவிகிதம். வருஷ வட்டி 56,000. ஒரு வங்கியில் வட்டி 50,000-ஐத் தாண்டினால் 10 சதவிகிதம் பிடிப்பார்கள் (2025 ஏப்ரலிலிருந்து இந்த எல்லை, சீனியர் சிட்டிசன் என்றால் ஒரு லட்சம்). ஆக, பிடித்தது 5,600. ஆனால் உங்கள் சம்பளம் உங்களை 20 சதவிகிதப் படியில் உட்கார வைத்திருந்தால்? செஸ் சேர்த்து 11,648 கட்ட வேண்டும். மீதி 6,048 ரூபாயை யார் கட்டுவது? பேங்க் மேனேஜரா?

'நாலு பேங்க்கில் பிரித்துப் போட்டுவிட்டேன், யாரும் பிடிக்கவே இல்லை' என்று ஒருவர் புத்திசாலித்தனமாகச் சிரித்தார். பிடிக்கவில்லையே தவிர, எல்லா வட்டியும் இலாகாவுக்குத் தெரியும். 2021 நவம்பரிலிருந்து ஏ.ஐ.எஸ். என்று ஓர் ஆண்டு அறிக்கை வெப்சைட்டில் இருக்கிறது. சேமிப்புக் கணக்கு வட்டி, ஷேர் டிவிடெண்ட், மியூச்சுவல் ஃபண்ட் விற்றது, வாங்கியது... மாமியாரைவிட விவரமாக எழுதி வைத்திருக்கிறார்கள்!

ஐந்து சாவிகள்

இப்போது சாவிக்கொத்து. முதல் வாசலை முதலாளி பார்த்துக்கொள்வார். மற்ற இரண்டையும் நாம்தான் திறக்க வேண்டும்.

ஒரு காலத்தில் சாவி ஒன்றே ஒன்றுதான்: க்யூ! நாலு பிரதி சலானை கார்பன் வைத்து நிரப்பி, வங்கி கவுன்ட்டரில் நிற்க வேண்டும். மார்ச் மாதம் என்றால் வால் தெருவுக்கு வந்துவிடும். 'கடைசி நேரக் கூட்டத்தைத் தவிருங்கள், மற்ற வங்கிக் கிளைகளிலும் கட்டலாம்' என்று ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டுக் கெஞ்சிய காலம் உண்டு. 2004-ல் வரிக் கணக்கைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது நாலு பிரதி ஒன்றானது. 2008 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் கட்டாயம் கம்ப்யூட்டர் வழியாகத்தான் கட்ட வேண்டும் என்றார்கள்.

இப்போது இலாகாவின் வெப்சைட்டில் 'இ-பே டாக்ஸ்' என்று ஓர் இடம். பான் நம்பரை இரண்டு தடவை போட்டு, மொபைலுக்கு வரும் ஓ.டி.பி.யைத் தட்டினால் உள்ளே விட்டுவிடுவார்கள். பாஸ்வேர்டு மறந்தவர்களும் கட்டலாம். வரி வாங்குவதில் மட்டும் சர்க்கார் ரொம்ப தாராளம்! எந்த வருஷம், எந்த வகை, எவ்வளவு என்று குறித்ததும் சி.ஆர்.என். என்று ஒரு நம்பர் பிறக்கும். அதற்கு ஆயுள் பொதுவாகப் பதினைந்து நாள். அதற்குள் கட்ட வேண்டும்.

1. நெட் பேங்க்கிங்: அங்கீகாரம் பெற்ற வங்கிகளின் பட்டியலில் உங்கள் வங்கி இருந்தால் இதுவே ராஜபாட்டை.

2. டெபிட் கார்டு: இதற்கும் அதே போல் வங்கிப் பட்டியல் உண்டு. நம் வங்கி அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. பேமென்ட் கேட்வே: இங்கே கிரெடிட் கார்டு, யு.பி.ஐ., மற்ற வங்கிகளின் நெட் பேங்க்கிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ். கிரெடிட் கார்டுக்கு சேவைக் கட்டணமும், அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. வரிக்கு வரியா என்று கேட்கக் கூடாது! யு.பி.ஐ.யில் வரி கட்ட, 2024 செப்டம்பரிலிருந்து ஒரு தடவைக்கு ஐந்து லட்சம் வரை அனுமதித்தார்கள். டீக்கடையில் ஸ்கேன் செய்கிற அதே போன்!

4. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.: பட்டியலில் இல்லாத வங்கியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. வெப்சைட்டில் கிடைக்கும் படிவத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வங்கிக்குப் போகலாம்; ஆன்லைனிலும் அனுப்பலாம். வங்கி தன் கட்டணத்தை வாங்கிக்கொள்ளும்.

5. வங்கி கவுன்ட்டர்: ஆமாம், இன்னும் இருக்கிறது! சலானை வெப்சைட்டில் தயார் செய்து, பிரின்ட் எடுத்து, தேர்ந்தெடுத்த வங்கியின் கிளையில் கட்டலாம். ரொக்கம் என்றால் ஒரு சலானுக்கு 10,000 வரைதான். செக், டி.டி. என்றால் அந்த எல்லை இல்லை.

எங்கள் தெருவில் ரிட்டயரான ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். பேரன் கையில் போனை வைத்துக்கொண்டு, ''தாத்தா, ரெண்டு நிமிஷத்துல கட்டிடலாம்'' என்று கெஞ்சினாலும், வருஷா வருஷம் பிரின்ட்டோடு பேங்க்குக்குக் கிளம்பிவிடுவார்.

''ஏன் சார் வெயில்ல அலையறீங்க?'' என்றேன்.

''இல்லப்பா... அவ்வளவு பணம் குடுக்கறோம். யாராவது ஒருத்தர் என் மூஞ்சியப் பார்த்து, சீல் குத்திக் குடுத்தாத்தான் கட்டின மாதிரி இருக்கு!''

மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வருஷத்தைப் பார்த்துப் போடுங்கள்!

பணம் கட்டுவது சுலபம். சரியான டப்பாவில் போடுவதுதான் கஷ்டம். முன்வரி என்றால் 100, செல்ஃப் அசெஸ்மென்ட் என்றால் 300, இலாகா கணக்குப் பார்த்துக் கேட்டதற்குக் கட்டினால் 400. இதை மாற்றிப் போட்டால் பணம் போயிருக்கும்; நம் கணக்கில் மட்டும் சேர்ந்திருக்காது!

வருஷக் குழப்பம் இன்னும் மோசம். பழைய சட்டப்படி, சம்பாதித்த வருஷம் வேறு, கணக்குப் பார்க்கும் 'அசெஸ்மென்ட் இயர்' வேறு. புதுச் சட்டத்தின் ஆட்சி 2026 ஏப்ரல் 1 முதல். அதில் 'வரி ஆண்டு' என்று ஒரே ஒரு வருஷம்தான். நல்ல காரியம். ஆனால் விளைவைப் பாருங்கள். 2025-26-ல் சம்பாதித்ததற்குப் பழைய கணக்குப்படி அசெஸ்மென்ட் இயர் 2026-27. அதற்கடுத்த வருஷம் சம்பாதிப்பதற்குப் புதுக் கணக்குப்படி வரி ஆண்டு 2026-27. இரண்டுக்கும் ஒரே எண்! இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த மாதிரி. எந்த வருமானத்துக்குக் கட்டுகிறோம் என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு அழுத்துங்கள். தப்பாகப் போட்டுவிட்டால் வெப்சைட்டிலேயே திருத்தக் கேட்கலாம். ஆனால் அதற்கும் கெடு உண்டு. கண்டுபிடித்த அன்றே செய்துவிடுவது உத்தமம்.

இனிஷியல் படுத்தும் பாடு

பான் நம்பரில் பத்து எழுத்துகள். நாலாவது எழுத்து 'பி' என்றால் தனிநபர். ஐந்தாவது, சர்நேமின் முதல் எழுத்து. வடக்கே இருப்பவர்களுக்கு இது சுலபம். நமக்கு சர்நேம் ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்துதான் உண்டு! சுப்பையா மகன் முருகன் என்றால், பேங்க் பாஸ்புக்கில் 'எஸ். முருகன்', பான் கார்டில் 'சுப்பையா முருகன்', ஆதாரில் 'முருகன் எஸ்', கம்பெனி லெட்ஜரில் 'முருகன் சுப்பையா'. ஒரே மனிதர், நாலு பெயர்! ரீஃபண்ட் வரும்போது கம்ப்யூட்டர் முழிக்கிறது. வெப்சைட்டில் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் இடத்தில் 'பெயர் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். சரிபார்த்த கணக்குக்குத்தான் ரீஃபண்ட் வரும். ஆகவே பான், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஒரு லீவு நாள் போதும்.

ரசீது கேளுங்கள்!

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், உழைப்பாளி, சொந்த ஷெட் வைத்திருக்கிறார். மூன்று வருஷமாக ஓர் 'ஏஜென்ட்'டிடம் வரிப் பணத்தை ரொக்கமாகவே கொடுத்து வந்தார். வீட்டுக் கடனுக்காக பேங்க்கில் காகிதங்கள் கேட்டபோதுதான் என்னிடம் வந்தார். வெப்சைட்டில் பார்த்தால், அவர் பெயரில் ஒரு ரூபாய்கூட வந்து சேரவில்லை! ஏஜென்ட் கொடுத்ததெல்லாம் கலர் ஜெராக்ஸ்.

''அவரு பூஜையெல்லாம் பண்றவரு சார்...'' என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்னார். பூஜை பண்ணட்டும். ரசீது எங்கே?

நிஜமான ரசீதில் மூன்று விஷயம் இருக்கும். வங்கிக் கிளையின் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். எண், கட்டிய தேதி, ஐந்து இலக்க சலான் எண். மூன்றும் சேர்ந்ததுதான் 'சின்' என்கிற அடையாளம். ரிட்டர்னில் இதைத்தான் எழுத வேண்டும். சில நாளில் நம் பெயரில் வெப்சைட் பட்டியலிலும் ஏறிவிடும். ஏறவில்லையா? கொடுத்த ஆளைப் போய்ப் பிடியுங்கள். யார் வேண்டுமானாலும் யாருக்காகவும் வரி கட்டலாம். சலானில் பான் நம்பர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இன்னொரு கூட்டம் போனில் வரும். 'உங்களுக்கு 15,490 ரூபாய் ரீஃபண்ட், இந்த லிங்க்கை அழுத்துங்கள்!' அழுத்தினால் இருப்பதும் போய்விடும். இலாகா ஒருபோதும் ஓ.டி.பி., கார்டு நம்பர், பின் நம்பர் எல்லாம் கேட்டு மெயில் அனுப்புவதில்லை. நோட்டீஸ் வந்தாலும் பதறாதீர்கள். 2019 அக்டோபரிலிருந்து இலாகாவின் கடிதங்களுக்கு 'டின்' என்று ஓர் அடையாள எண் உண்டு. அதை வெப்சைட்டில் போட்டுப் பார்த்தால் அசலா, போலியா என்று தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வார்த்தை. சம்பளக்காரர்கள் ரிட்டர்ன் போட வழக்கமான கெடு ஜூலை 31. தாண்டினால் 5,000 ரூபாய் அபராதம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. ஜூலை 31 ராத்திரி பதினொன்றரைக்கு வெப்சைட்டைத் திறந்துவிட்டு, 'சுத்துது சார், சுத்துது சார்' என்று எனக்கு போன் செய்கிற தம்பிகள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதினேன். அடுத்த தடவை முதல் வாரத்திலேயே வாருங்கள். காபியை நானே வாங்கித் தருகிறேன்!